பயில்வோரை அறியாப் பயிற்சிகள்

1. கேட்போர் என்னும் உறுப்பு

ஒரு நூலைத் திறனாய்வார் முதற்கண் எழுப்பும் வினா, ‘இது யார்க்கு எழுதப்பட்டது?’ என்பதாம். சிறப்புப் பாயிரத்தின் உறுப்புகளை எண்ணுமிடத்து, ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள் முதலியவற்றோடு கேட்போர், பயன் என்னும் இரண்டனையும் சேர்த்து எண்ணினர் நம் இலக்கண நூலார். கேட்போரை அறியாது செய்த நூல், எத்துணைச் செப்பமுடையதாயினும், பயனை இழந்து நிற்கும் அன்றோ? இவ்வளவுகோல் காப்பியத்துக்கும் உரைநூலுக்கும் மட்டும் உரியதன்று. பாடநூலுக்கும் பயிற்சித்தாளுக்கும் உரியதே.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் வளர்ந்தோர்க்கென இணையத்தில் வைக்கப்பட்டுள்ள பயிற்சிகளை யாம் இக்கட்டுரையில் ஆய எடுத்துக்கொண்டோம். தமிழாய்விதழில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஆங்கிலம் கற்பவர் தமிழராயின், அவர்தம் கற்றலின் பாதி தமிழிலக்கணத்துள் அடங்கிக் கிடக்கிறது என்பது எம் விடை. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பயிற்சியின் வடிவம்

கனடா நாட்டு விக்டோரியாப் பல்கலைக்கழகத்தில் 1990-களின் இறுதியில் ‘ஹாட் பொட்டேட்டோஸ்’ என்னும் மென்பொருள் உருவாயிற்று. கணினி நிரல் எழுத அறியாத ஆசிரியரும் அதனைக் கொண்டு, கோடிட்ட இடம் நிரப்புதல், பொருத்துதல், கலைந்த சொற்களை முறைப்படுத்துதல், பல விடைகளுள் ஒன்றைத் தெரிதல், குறுக்கெழுத்து ஆகிய பயிற்சிகளை இணையத்தில் அமைக்க முடிந்தது. பின்னர்க் கருவிகள் பல மாறின. 2012இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட டியோலிங்கோவிலும், பிரிட்டிஷ் கவுன்சில், பி.பி.சி. ஆகியவற்றின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கங்களிலும் ஒலியும் படமும் மதிப்பெண்ணும் சேர்ந்துள்ளன. எனினும், உள்ளே இருக்கும் எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதே.

இவற்றுள் கோடிட்ட இடம் நிரப்புதலின் வரலாறு கருதத்தக்கது. அதன் ஒரு வகையை 1953இல் வில்சன் டெய்லர் என்பார் ‘குளோஸ்’ எனப் பெயரிட்டு வகுத்தார். மொழி கற்பித்தற்கென அவர் அதனை வகுத்திலர். ஓர் உரைப்பகுதி படிப்பார்க்கு எத்துணை எளிது என அளத்தற்கே வகுத்தார். அளக்கும் கருவி பின்னர்ப் பயிற்றும் கருவியாயிற்று. அளவுகோல் பிழையை எண்ணும். பிழையின் காரணத்தைக் கூறாது. இணையப் பயிற்சிகள் பலவற்றின் குறை இப்பிறப்பிலேயே உளது என்க.

குறை கூறுமுன் நிறை கூறல் திறனாய்வின் அறம். வளர்ந்தோர் மொழி கற்குங்கால் அவரைத் தடுப்பது அறிவுக் குறைவன்று, நாணம். பிள்ளைகள் முன்னும், தம்மினும் இளைய ஆசிரியர் முன்னும் பிழைபட மொழிதலை அவர் அஞ்சுவர். இணையப் பயிற்சியோ நகையாது; சினவாது; நூறு முறை பிழை செய்யினும் நூற்றொன்றாம் முறை அதே பொறுமையோடு வினவும். வேலை முடித்து இரவில் கைப்பேசியை எடுப்பார்க்கும் அது காத்திருக்கும். மாலைப் பள்ளிகள் பலவற்றால் ஆகாத இதனை இப்பயிற்சிகள் செய்துள்ளன. ஆதலின் இவற்றை ஒதுக்குக என்பது எம் கருத்தன்று. திருத்துக என்பதே கருத்து.

3. இலஞ்சியில் பயில்வோர்

பயில்வோர் யார் என்பதைப் பொதுப்படக் கூறாமல் ஓர் ஊரில் வைத்துக் காண்பது நலம். இலஞ்சி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகில் மலையடிவாரத்தே அமைந்த பேரூர். குமரன் கோயிலால் பெயர் பெற்றது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்தது. வயலும் தென்னந்தோப்பும் உடைய இவ்வூர்ப் பக்கத்தில், ஆனி ஆடித் திங்கள்களில் சாரல் தொடங்கின் குற்றாலத்துக்கு வருவோர் தொகை பெருகும். செங்கோட்டைக்கு அப்பால் கேரள எல்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பெண்டிர் பலர்க்குப் பீடி சுற்றுதல் தொழில். மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருகிறது. கணினித் தொழில் நகரத்துக்கே உரியது என்னும் எண்ணத்தை அது மாற்றியுள்ளது.

இத்தகைய ஊரில் ஆங்கிலம் வேண்டுவோர் ஒரு வகையினர் அல்லர். தங்கும் விடுதியில் வருவோர் பெயரைப் பதிபவர் ஒருவர்; ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்; வளைகுடா நாட்டுக்குச் செல்லக் கடவுச்சீட்டு எடுத்தவர் ஒருவர்; பிள்ளையின் ஆங்கிலவழிப் பள்ளிக் குறிப்பேட்டைப் படித்தறிய விழையும் தாய் ஒருவர்; தமிழ்வழியில் பட்டம் பெற்று நேர்காணலுக்குச் செல்லும் இளைஞர் ஒருவர். இவர் அனைவர்க்கும் பொதுவானவை இரண்டு. ஒன்று, நாவில் நிலைபெற்ற தமிழ். மற்றொன்று, நாளையே தீர்க்கவேண்டிய ஒரு தேவை. இவ்விரண்டனையும் இணையப் பயிற்சி அறியுமா என்பதே எம் வினா.

4. நாவிலுள்ள இலக்கணம்

முதற்கண் தமிழை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெயர்முன் நிற்கும் ‘எ’, ‘தி’ என்னும் இரு சிறு சொற்களைத் தமிழர் தவறவிடுவர். பயிற்சி அப்பிழையைச் சிவப்பால் காட்டும். முதன்முறை கூறுங்கால் ஒன்று, மீண்டும் கூறுங்கால் மற்றொன்று என்னும் விதியை ஆங்கிலத்திலேயே உரைக்கும். தமிழில் இவ்வேறுபாடே இல்லை எனப் பயில்வோர் நினைப்பர். அங்ஙனமன்று. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதையும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதையும் ஒப்பிடுக. முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது கேட்போரும் அறிந்த புத்தகம். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்தும் தொக்கும் நிற்பதனால் நாம் நாள்தோறும் செய்யும் வேறுபாட்டையே ஆங்கிலம் பிறிதொரு கருவியால் செய்கிறது. இதனை உணர்ந்த தமிழர்க்கு ‘தி’ என்பது புதுமையன்று. பழைய பொருளுக்குப் புதிய வடிவம்.

பன்மையும் இத்தகையதே. ‘பத்துத் தேங்காய் வாங்கினேன்’ என்பது தமிழில் குறையுடைய தொடரன்று. அஃறிணைப் பெயர் ‘கள்’ பெறாதும் பன்மை உணர்த்தும் என்பது நம் இலக்கணம் கூறும் இயல்பு. பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்குப் பெயருமிட்டனர். எண்ணுப்பெயர் முன்னே நின்று பன்மையைக் காட்டிய பின்னரும் ஈற்றில் மீண்டும் காட்டவேண்டும் என்னும் ஆங்கில மரபு, தமிழ்ச்செவிக்குக் கூறியது கூறல் போல் ஒலிக்கும். காரணத்தைக் கூறின் பயில்வோர் அவ்விடத்தில் விழிப்பாய் இருப்பர். கூறாவிடின் கவனக்குறைவுடையார் எனத் தம்மையே நொந்துகொள்வர்.

காலத்தைச் சுட்டும் முன்னிடைச்சொற்கள் மூன்றனைக் காண்க. ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ ஆகியவற்றை நிரப்பும் பயிற்சி இல்லாத பக்கமில்லை. தமிழில் ‘ஐந்து மணிக்கு வந்தான்’ என நான்காம் வேற்றுமை வரும். ‘திங்கட்கிழமை வந்தான்’ என உருபின்றி வரும். ‘ஆடி மாதத்தில் வந்தான்’ என ஏழாம் வேற்றுமை வரும். மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்துக்கு ‘இன்’ என ஆங்கிலமும் அம்மூன்றிடத்தும் மூன்றாகப் பிரிகிறது. ‘இரவில்’ என்பது போன்ற சில இடங்களில் இம்முறை வழுவும் என்பது உண்மை. ஆயினும், தமிழில் ஏலவே மூன்றாகப் பகுத்து வைத்திருக்கும் ஒருவர்க்கு அம்மூன்றனையும் குருட்டு மனப்பாடமாகக் கற்பித்தல் வீண் உழைப்பன்றோ?

இடத்தைச் சுட்டுங்கால் நிலைமை மாறும். ‘வீட்டில்’, ‘மேசையில்’, ‘பேருந்து நிலையத்தில்’ என யாண்டும் ஓர் ‘இல்’ போதும். ஆங்கிலத்துக்கு மூன்று சொல் வேண்டும். எனின், தமிழர்க்கு எளிய பகுதி காலம். அரிய பகுதி இடம். இரண்டனையும் ஒரே தாளில் ஒரே எண்ணிக்கையில் கலந்து வைக்கும் பயிற்சி, தன் முன் அமர்ந்திருப்பவர் யார் என அறியாத பயிற்சியே.

ஒலியிலும் இஃதே நிலை. இன்று பல பயிற்சிகள் பயில்வோர் குரலைக் கேட்டு மதிப்பிடுகின்றன. ‘லைட்’ என்பதை ‘லைட்டு’ என்றும் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும் ஒருவர் ஒலிப்பின் கருவி பிழை என்னும். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது, உகரம் பெற்றே முடியும் என்பதும், தனி மெய் மொழிக்கு முதலாகாது என்பதும் தொல்காப்பியம் முதலாக அறியப்பட்ட நெறிகள். ஆகவே அப்பிழை நாவின் சோம்பலன்று. ஈராயிரம் ஆண்டு ஒழுங்கின் தொடர்ச்சி. ‘ஈற்றிலுள்ள உகரத்தை விடுக’ என்னும் ஒரே குறிப்பு தமிழில் இருந்தால் பத்து முயற்சி மிச்சமாகும்.

முழு மதிப்பெண் பெறும் பிழையும் ஒன்றுண்டு. ‘அட்டையைக் கொடுங்கள்’ என்னும் தமிழ்த்தொடரில் மரியாதை வினைமுற்றின் ஈற்றிலேயே உளது. விடுதி ஊழியர் அதனை ‘கிவ் மீ யுவர் கார்டு’ என மொழிபெயர்த்தால் இலக்கணம் வழுவாது. பயிற்சியும் சரி என ஒப்பும். ஆனால் கேட்பவர்க்கு அஃது ஆணையாகவே படும். தமிழில் ஈறு செய்த பணியை ஆங்கிலத்தில் தனிச்சொற்களும் வினாவடிவமும் செய்யவேண்டும் என்பதை அவர்க்கு யாரும் கூறவில்லை. பணிவுடைய ஒருவர் தம் பயிற்சியினாலேயே பணிவற்றவராகக் காட்சியளிக்கின்றார். சொல் வழுவினும் இவ்வழு பெரிது.

5. மாறுபட்ட கருத்துகள்

தாய்மொழிக்கு இத்துணை இடம் தருதல் பழைய கொள்கை என்று மறுப்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. 1957இல் இராபர்ட் லேடோ, இருமொழியையும் ஒப்பிட்டு இடர்ப்பாட்டை முன்னறியலாம் என்றார். 1967இல் பிட் கார்டர், பிழை என்பது பயில்வோர் தமக்குள் அமைத்துவரும் ஓர் ஒழுங்கின் சான்று என விளக்கினார். 1974இல் டியூலே, பர்ட் இருவரும் சீனக் குழந்தைகளும் இசுப்பானியக் குழந்தைகளும் ஆங்கில உருபுகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் பெறுகின்றனர் எனக் காட்டினர். அவ்வாண்டே பெய்லி, மேடன், கிராஷன் ஆகியோர் வளர்ந்தோரிடமும் அதனையொத்த வரிசையைக் கண்டனர். தாய்மொழி எதுவாயினும் வழி ஒன்றே எனின், ஒரே பயிற்சி உலகனைத்துக்கும் போதும் என்பது பெறப்படும்.

அம்முடிபு நிலைபெறவில்லை. 2009இல் லுக், ஷிராய் என்னும் இருவர் பல ஆய்வுகளை ஒருங்கு நோக்கினர். சப்பானியம், கொரியம், சீனம் ஆகியவற்றைத் தாய்மொழியாக உடையோர், அப்பொதுவரிசையில் குறித்ததற்கு மாறாக, பன்மையுருபையும் ‘எ’, ‘தி’ என்பவற்றையும் பின்னரும், உடைமைப்பொருள் உருபை முன்னரும் பெறுகின்றனர் என்பது அவர் கண்டது. இம்மொழிகளின் இயல்பைத் தமிழோடு ஒப்பிடுக. தமிழிலும் ‘எ’, ‘தி’ இல்லை. அஃறிணைப் பன்மை கட்டாயமன்று. ‘முருகனுடைய வீடு’ என உடையவன் முன்னும் உடைமை பின்னுமாய் ஆங்கில வரிசையே உளது. ஆகவே தமிழரும் அவ்வாறே கற்பர் என எதிர்பார்த்தல் பொருந்தும். இஃது எம் ஊகமே. இதனைச் சோதித்தல் ஆய்வாளர் கடன்.

தாய்மொழியை வகுப்பில் நுழையவிடின் அம்மொழியிலேயே கற்றல் நின்றுவிடும் என்பது மற்றொரு மறுப்பு. உரையாடல் முழுவதும் தமிழில் நிகழவேண்டும் என்று யாம் கூறவில்லை. பயிற்சி ஆங்கிலத்தில் நிகழ்க. காரணம் தமிழில் வருக. வளர்ந்தவர் காரணம் கேட்பவர். குழந்தைக்குப் பழக்கம் போதும். வளர்ந்தவர்க்கு விளக்கமும் வேண்டும்.

2022 இறுதியில் பரவத்தொடங்கிய உரையாடுகருவிகள் தமிழிலும் விளக்கம் தருமாதலின் இனி இக்கவலை வேண்டா என்பாரும் உளர். அக்கருவிகள் கற்பது எழுதி வைக்கப்பட்ட உரையினின்றே. தமிழர் ஆங்கிலம் கற்கும் முறை பற்றித் தமிழில் நாம் எழுதாதவற்றை அவை எங்ஙனம் அறியும்?

6. சிங்கனும் சிங்கியும்

இனித் தேவை என்னும் இரண்டாவது கூறு. பயிற்சிகளில் வரும் மாந்தர் விமான நிலையத்தில் பெட்டியைத் தொலைப்பர். காப்பிக்கடையில் சிற்றுண்டி தெரிவர். வார இறுதியில் என் செய்தாய் என வினவுவர். வினவியவர்க்கு விடை வேண்டுவதாய்த் தோன்றாது. விடையளித்தவர்க்கும் அதனால் ஆவதொன்றில்லை. வினாவும் விடையும் உண்டு, பொருட்படுத்த ஒன்றுமில்லை.

வினாவும் விடையுமாய் ஒரே சட்டகத்தில் சொல்லை மட்டும் மாற்றிச் செல்லும் அமைப்பு இன்றியமையாதவாறு சுவையற்றதன்று. அதற்குச் சான்று இலஞ்சிக்கு அண்மையிலேயே உளது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில், பிரிந்திருந்த சிங்கியைக் காணும் சிங்கன், அவள் மெய்யில் தான் அறியாத அணிகளைக் காண்கிறான். ஒவ்வோர் அணியாகச் சுட்டி இது யாது என வினவுகிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுகிறாள். வடிவத்தை மட்டும் நோக்கின் அது மொழிப்பயிற்சியாளர் கூறும் சொன்மாற்றுப் பயிற்சியே. ஆயின் ஒவ்வொரு வினாவிலும் கணவன் ஐயம் உளது. ஒவ்வொரு விடையிலும் அவ்வையத்தைத் தீர்க்கும் மனைவியின் நயம் உளது. கேட்போர் அணிகளின் பெயரை மனப்பாடம் செய்ய முயல்வதில்லை. முடிவில் அவை மனத்தில் நின்றுவிடுகின்றன. சொல்லுக்குப் பின் ஒரு நெஞ்சம் காத்திருத்தலே இவ்வேறுபாட்டின் காரணம்.

இவ்வுண்மையை மொழிகற்பித்தல் துறையும் அறியும்; அறிந்த இடம் தென்னிந்தியாவே என்பது ஈண்டு நினையத்தக்கது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். இலக்கண வரிசையை விடுத்து, கால அட்டவணை, நிலப்படம் ஆகியவற்றைக் கொண்டு தீர்க்கவேண்டிய செயல்களை மாணவர்க்கு அளித்தார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே வடிவம் படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் வெளிவந்த அவர் நூல் உலகெங்கும் செயல்வழிக் கற்பித்தலுக்கு ஒரு தொடக்கமாக மதிக்கப்படுகிறது. நம் மண்ணில் விளைந்த இவ்விதை, நம் மக்கள் கைப்பேசியில் திறக்கும் பயிற்சியில் முளைத்திலது என்பது வருந்தற்குரியது.

7. போப்பின் கைந்நூல்

மேற்கூறிய இரண்டனுள் முதலாவதை முன்னரே செய்துகாட்டிய நூல் ஒன்றுண்டு. திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்தில் சில காலம் பணியாற்றிய ஜி. யு. போப், தமிழ் கற்கும் ஆங்கிலேயர்க்கென ஒரு கைந்நூல் இயற்றினார். அது 1855இல் வெளிவந்தது. ஒல்லெண்டார்ஃப், ஆர்னால்டு ஆகியோர் முறையைத் தழுவியது என நூற்பெயரிலேயே குறித்தார். பாடந்தோறும் இலக்கணக் குறிப்பு, சொற்பட்டி, இருமொழிப் பயிற்சி என்பன அதன் அமைப்பு. அதனைக் கையிலெடுத்தவர் வளர்ந்தவர்; ஆங்கிலம் நாவில் நிலைபெற்றவர்; மறுநாளே தமிழில் பேசவேண்டிய தேவையுடையவர். நூல் அவரை அறிந்திருந்தது. ஆங்கிலத்தில் இன்னது இவ்வாறு, தமிழில் அஃது இவ்வாறு என்று இரு மொழிக்கும் இடைப்பட்ட தொலைவைப் பாடம் பாடமாக அளந்து கொடுத்தது.

ஆள வந்தோர் ஆளப்படுவோர் மொழியைக் கற்றற்கு அத்துணை உழைப்புச் செலவிடப்பட்டது. இன்று அதே சீமையில் வாழும் தமிழர் வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் கற்கின்றார். அவர்க்குக் கிடைப்பதோ எந்நாட்டார்க்கும் பொதுவாகச் செய்த, எந்நாட்டாரையும் அறியாத தாள். ‘தமிழ் மூலம் ஆங்கிலம்’ என்னும் பெயரில் விற்கும் நூல்கள் பலவும் சொல்லுக்குச் சொல் தருவனவேயன்றி இலக்கணத்துக்கு இலக்கணம் தருவன அல்ல. ஒரு திசையில் பாலம் அமைத்து மறுதிசையில் தோணியும் விடாத நிலை இது.

8. செயற்பாலன

இக்குறையை ஆங்கிலத்துறையார் தனித்து நீக்கல் அரிது. ஆங்கிலத்தின் இயல்பை அவர் அறிவர். பிழையின் வேர் தமிழில் உளது. ஆதலின் தமிழ்த்துறை முதுகலை மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் மூன்று பணிகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று, பிழைத்திரட்டு. ஓர் ஊரில் ஆங்கிலம் பயிலும் வளர்ந்தோர் எழுதியவற்றையும் பேசியவற்றையும் அவர்தம் இசைவோடு தொகுத்து, வேற்றுமை, எண், எச்சம், ஈறு, முதல் என நம் இலக்கணக் கூறுகளால் வகைப்படுத்தல். தமிழால் வந்த பிழை இது, எம்மொழியார்க்கும் பொதுவான பிழை இது எனப் பிரித்தறிய இஃதே வழி. மேலே யாம் கூறியவற்றுள் எவை நிற்கும், எவை விழும் என்பதையும் இத்திரட்டே காட்டும்.

இரண்டு, காரணவுரை. ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு மூன்று வரியில், கலைச்சொற் சுமையின்றி, எளிய தமிழில் காரணம் எழுதுதல். உரையாசிரியர் மரபு நமக்குப் புதிதன்று. ‘ஏன் இவ்வாறாயிற்று?’ என்னும் வினாவை எழுப்பி விடையிறுத்தல் அம்மரபின் உயிர்நாடி.

மூன்று, ஊரிலிருந்து எடுத்த செயல்கள். குற்றாலத்தை வைத்தே ஒன்று கூறுவோம். பேரருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது. முதியவரும் குழந்தையும் உடன்வரும் வெளிமாநிலத்தார் ஒருவர், இனி எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என ஆட்டோ ஓட்டுநரை வினவுகின்றார். ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றின் அன்றைய நிலையை ஒரு பட்டியலில் காட்டி, ஓட்டுநர் விடையைப் பயில்வோரே அமைக்கச் செய்யலாம். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். அத்தகைய இடத்தில் எச்சரிக்கைச் சொல் தெளிவாகவும் பணிவாகவும் சென்று சேர்தல் மதிப்பெண்ணினும் பெரிது. ஏவல் வினை, தடை, இடமுன்னிடைச்சொல் ஆகிய மூன்றும் அவ்வொரு விடையில் பயிலப்படும்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. கோடிட்ட இடம் அமைக்கும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. வேண்டுவது, அக்கோட்டுக்குக் கீழே எழுதத்தக்க தமிழ் வரி. அவ்வரியை எழுதும் தகுதி தொல்காப்பியமும் நன்னூலும் பயின்றார்க்கே உண்டு. பழைய இலக்கணம் இன்று எதற்குப் பயன்படும் என்று மாணவர் நம்மை வினவும்போது, இலஞ்சியில் இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறந்து, சிவப்புக் குறியை நோக்கிக் காரணம் அறியாது அமர்ந்திருக்கும் ஒருவர்க்கு அது பயன்படும் எனத் துணிந்து கூறலாம்.